பாட்டை ஒருமுறை கையால் ஏற்றிப் பாருங்கள்

உங்களிடம் ஒரு சிறு கேள்வி. நேற்று இரவு நீங்கள் கேட்ட பாட்டு இப்போது எங்கே இருக்கிறது?

"கைபேசியில்தான்" என்பீர்கள். சரி, கைபேசியில் எந்த இடத்தில்? என்ன பெயரில்? எத்தனை பைட் அளவில்? அடுத்த மாதம் சந்தா கட்டாமல் விட்டால் அது அங்கேயே இருக்குமா? இந்தக் கேள்விகளுக்குத் தயங்காமல் விடை சொல்லக்கூடியவர்கள் உங்களில் மிகச் சிலரே இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அது உங்கள் குற்றமன்று. பாட்டு எங்கே இருக்கிறது என்பதை நீங்கள் அறியத் தேவையில்லாதபடிதான் இந்தக் கருவிகளை எல்லாம் அமைத்திருக்கிறார்கள். திரையில் விரல் வைத்தால் பாட்டு வருகிறது. அதற்கு மேல் உங்களுக்கு எதற்கு என்பது அவர்களுடைய எண்ணம்.

அதற்கு மேலும் உங்களுக்கு வேண்டும் என்பது என் எண்ணம். ஆகவே ஒன்று சொல்கிறேன். வருகிற விடுமுறையில் ஒரு நாள் ஒதுக்குங்கள். வீட்டு மேசை அறையில் கவனிப்பாரின்றிக் கிடக்கும் ஒரு சிறிய எம்.பி.3 பிளேயரைத் தேடி எடுங்கள். இல்லையென்றால் உறவினர் வீட்டில் கேட்டுப் பாருங்கள். சி.டி. போடும் வசதியுள்ள ஒரு கணிப்பொறியைப் பிடியுங்கள். காசு கொடுத்து வாங்கிய ஓர் இசைத்தட்டிலிருந்து பாட்டை எடுத்து, சுருக்கி, பெயரிட்டு, பிளேயரில் ஏற்றி, காதில் வைத்துக் கேளுங்கள். தானாகவே எல்லாவற்றையும் செய்யும் நிரல்கள் வேண்டாம். முதல் தடவையாவது ஒவ்வோர் அடியையும் நீங்களே கையால் செய்யுங்கள்.

"கைபேசியே எல்லாம் செய்யும்போது இந்த வீண் வேலை எதற்கு?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அந்த ஒரு நாளில் என்னென்ன உங்கள் கைக்கு வரும் என்று சொல்கிறேன். பிறகு நீங்களே முடிவு செய்யுங்கள்.

முதலில் சி.டி.யை எடுத்துக் கொள்வோம். அதில் இருப்பது வெறும் எண்கள். காற்றில் அதிர்ந்த ஒலியை ஒரு நொடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட் எண்ணாக எழுதியிருக்கிறார்கள். இடக்காதுக்கு ஒரு வரிசை, வலக்காதுக்கு ஒரு வரிசை. பெருக்கிப் பாருங்கள்: 44,100 x 16 x 2 = 14,11,200. ஒரு நொடிப் பாட்டுக்கு இத்தனை பிட்! எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட் அல்லவா? அப்படியானால் நொடிக்கு 1,76,400 பைட். நான்கு நிமிடப் பாட்டுக்கு 4,23,36,000 பைட். ஏறக்குறைய 42 மெகாபைட்.

இன்றைக்கு இது பெரிய அளவாகத் தோன்றாது. 1998-ஆம் ஆண்டுக்குப் போய்ப் பாருங்கள். அந்த ஆண்டில் அமெரிக்காவில் 'ரியோ பி.எம்.பி.300' என்ற சிறு பிளேயர் விற்பனைக்கு வந்தது. அதன் நினைவகமே 32 மெகாபைட்தான். சி.டி.யில் உள்ளபடியே பாட்டை ஏற்றினால் ஒரு பாட்டுகூட முழுதாக அதில் அடங்காது. எம்.பி.3 முறையில் நொடிக்கு 128 கிலோபிட்டாகச் சுருக்கினாலோ, அதே நான்கு நிமிடப் பாட்டு 38,40,000 பைட்டில் அடங்கிவிடும். பதினொன்றில் ஒரு பங்கு! ரியோவில் எட்டுப் பாட்டுகள் பிடித்தன.

மீதிப் பத்துப் பங்கு எங்கே போயிற்று? இதுதான் இந்த வேலையில் மிகச் சுவையான இடம். கொஞ்சம் நின்று பார்ப்போம்.

கோயில் திருவிழாவில் தவில் முழங்குகிறது. உங்கள் பக்கத்தில் நிற்கும் நண்பன் ஏதோ சொல்கிறான். வாய் அசைவது தெரிகிறது, சொல் கேட்கவில்லை. அவன் குரல் காற்றில் இல்லாமல் போய்விடவில்லை. காதுக்குள் வரத்தான் செய்கிறது. பெரிய ஒலி ஒன்று இருக்கும்போது, அதற்கு அருகிலுள்ள சுருதியில் எழும் சிறிய ஒலியை நம் செவி உணர்வதில்லை. இதை ஒலி மறைப்பு என்பார்கள். 'எப்படியும் காதில் விழாத ஒலியை எதற்காகத் துல்லியமாக எழுதி வைக்க வேண்டும்?' என்ற கேள்வியிலிருந்து பிறந்ததுதான் எம்.பி.3. ஜெர்மனியில் உள்ள ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க்கும் அவருடன் உழைத்தவர்களும் இதற்குப் பெரும் பங்கு ஆற்றினார்கள். சூசன் வேகா என்ற அமெரிக்கப் பாடகி பின்னணி இசை எதுவுமின்றித் தனிக்குரலில் பாடிய 'டாம்ஸ் டைனர்' என்ற பாட்டைத் திரும்பத் திரும்பச் சுருக்கிக் கேட்டுத்தான் பிராண்டன்பர்க் தம் முறையைத் திருத்திக் கொண்டார். தனிக்குரலில் சிறு குறை நேர்ந்தாலும் மனிதக் காது கண்டுபிடித்துவிடும்! மறைப்பதற்கு அங்கே தவில் இல்லையே.

இம்முறையில் பாட்டு சிறு சிறு துண்டுகளாக வெட்டப்படுகிறது. ஒரு துண்டுக்கு 1,152 அளவுகள்; அதாவது ஒரு நொடியின் நாற்பதில் ஒரு பங்கு அளவுக்குச் சற்றே கூடுதல். ஒவ்வொரு துண்டும் எந்தெந்தச் சுருதிகளால் ஆனது என்று பிரித்துப் பார்த்து, கேட்கக்கூடியதற்கு அதிக பிட்டும் மறைந்து போவதற்குக் குறைந்த பிட்டும் ஒதுக்குகிறார்கள்.

இதில் ஒரு பலவீனம் உண்டு. துண்டின் முற்பகுதி அமைதியாக இருந்து, பிற்பகுதியில் திடீரென்று ஓர் அடி விழுந்தால், சுருக்குவதால் ஏற்படும் கரகரப்பு துண்டு முழுவதும் பரவிவிடும். அடி விழுவதற்கு முன்னாலேயே அதன் நிழல்போல ஓர் ஒலி கேட்கும்! முன்னெதிரொலி என்று இதற்குப் பெயர். சுருக்கும் நிரல்கள் இத்தகைய இடங்களில் துண்டை இன்னும் சிறிதாக வெட்டிச் சமாளிக்கப் பார்க்கின்றன. பிட் போதாவிட்டால் அதுவும் பலிக்காது. நீங்களே சோதிக்கலாம். கஞ்சிராவோ மிருதங்கமோ தனியாக ஒலிக்கும் பகுதி ஒன்றை நொடிக்கு 64 கிலோபிட், 128, 192, 320 என்று நான்கு விதமாகச் சுருக்குங்கள். எது எது என்று தெரியாதபடி நண்பனைப் போடச் சொல்லிக் கண்ணை மூடிக் கேளுங்கள். 64-ஐக் கண்டுபிடிப்பது எளிது. 192-க்கும் 320-க்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். 'உயர்ந்த தரம்' என்று விளம்பரம் சொல்லும்போது அது உண்மையில் எவ்வளவு உயர்ந்தது என்பதை உங்கள் காதே உங்களுக்குச் சொல்லிவிடும். சிறிய பிளேயருக்கு 192 போதும் என்பது என் கருத்து. 8 கிகாபைட் பிளேயரில் நான்கு நிமிடப் பாட்டுகள் 1,300-க்கு மேல் பிடிக்கும். அத்தனையையும் கேட்டு முடிக்கவே பல நாள் ஆகும்.

ஒன்று மட்டும் மறக்கக் கூடாது. எம்.பி.3 ஒரு வழிப் பாதை. தூக்கி எறிந்த ஒலி திரும்ப வராது. 128-இல் சுருக்கியதை மறுபடி 320-க்கு மாற்றினால் கோப்புதான் பெரிதாகும், பாட்டு மேம்படாது. ஆகவே சி.டி.யிலிருந்து எடுத்ததை முதலில் ஃபிளாக் என்ற முறையில் ஒரு பிரதி வைத்துக் கொள்ளுங்கள். அது ஒரு பிட்டைக்கூட இழக்காமல் ஏறத்தாழப் பாதி அளவுக்குச் சுருக்கும். அதிலிருந்து எம்.பி.3 எத்தனை முறை வேண்டுமானாலும் செய்து கொள்ளலாம். நெல்லை விதைக்கு எடுத்து வைத்துவிட்டு மீதியைக் குத்துவதுபோல!

சரி, பாட்டு தயார். இனிப் பிளேயரைக் கம்பியால் கணிப்பொறியுடன் இணைக்க வேண்டும். இங்கேதான் நம் கட்டுரையின் வழக்கு தொடங்குகிறது.

2001 அக்டோபர் 23-ஆம் நாள் ஆப்பிள் நிறுவனம் ஐபாடை அறிமுகப்படுத்தியது. உள்ளே 1.8 அங்குல வன்தட்டு, 5 கிகாபைட். '1,000 பாட்டுகள் உங்கள் சட்டைப் பையில்' என்ற பொருளில் விளம்பரம் செய்தார்கள். கணக்கு சரிதானா என்று பார்ப்போமா? நான்கு நிமிடப் பாட்டு, நொடிக்கு 160 கிலோபிட் என்றால் 48,00,000 பைட். 5 கிகாபைட்டை அதனால் வகுத்தால் ஆயிரத்துக்குச் சற்று மேல். சரிதான்! அன்றைய பிளேயர்கள் பயன்படுத்திய யு.எஸ்.பி. 1.1 கம்பி வழியாக நொடிக்கு 12 மெகாபிட்டுக்கு மேல் போகாது. அந்த முழு வேகத்திலேயே ஓடினாலும் ஆயிரம் பாட்டுகளை ஏற்ற ஏறக்குறைய ஒரு மணி நேரம் பிடிக்கும். ஐபாடில் ஃபயர்வயர் என்ற கம்பியை வைத்தார்கள். அதன் வேகம் நொடிக்கு 400 மெகாபிட். பத்து நிமிடத்துக்குள் ஏற்றலாம் என்றார்கள்.

ஆனால், மக்களைக் கவர்ந்தது கம்பியைவிட நிரல்தான் என்று சொல்ல வேண்டும். ஐபாடைச் செருகியவுடன் ஐடியூன்ஸ் என்ற நிரல் விழித்துக் கொள்ளும். கணிப்பொறியில் புதிதாக என்ன பாட்டு வந்திருக்கிறது என்று பார்த்து, தானே ஏற்றும். நீங்கள் அழித்ததை அங்கேயும் தானே அழிக்கும். நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம்! முதலில் மெக்கின்டாஷ் கணிப்பொறிக்கு மட்டுமே இருந்த ஐடியூன்ஸ், 2003-இல் விண்டோஸுக்கும் வந்தது. கோடிக்கணக்கானவர்கள் வாங்கினார்கள். 2022 மே மாதம் ஆப்பிள் ஐபாடை நிறுத்தும் வரை இருபது ஆண்டுகளுக்கு மேல் அது விற்றது.

இந்த வசதியை நான் குறை சொல்லவில்லை. கோப்பு என்றால் என்ன, கோப்புறை என்றால் என்ன என்று அறியாத பெரியவர்களும் அதனால்தான் பாட்டுக் கேட்டார்கள். அதை எண்ணிப் பார்க்காமல் கேலி செய்வது எளிது. ஆனால், வசதிக்குக் கொடுத்த விலையையும் பார்க்க வேண்டும் அல்லவா?

ஐபாடின் வன்தட்டைத் திறந்து பார்த்தவர்கள் வியந்தார்கள். பாட்டுகள் மறைந்திருக்கும் ஒரு கோப்புறைக்குள், எண்ணிட்ட பல உறைகளில் சிதறிக் கிடந்தன. பிற்கால ஐபாடுகளில் கோப்பின் பெயரும் பொருளற்ற நான்கு எழுத்துகளாக மாறியிருந்தது. எந்தக் கோப்பு எந்தப் பாட்டு என்பது ஐடியூன்ஸ் எழுதி வைத்த ஒரு தனிப் பட்டியலுக்குத்தான் தெரியும். வேறொரு கணிப்பொறியில் செருகினால், 'இதில் உள்ளதை அழித்துவிட்டு இந்தக் கணிப்பொறியில் உள்ளதை ஏற்றட்டுமா?' என்று கேட்கும். படிக்காமல் சரி என்று அழுத்தினால் போயிற்று! கணிப்பொறி பழுதாகி, பாட்டெல்லாம் ஐபாடில் மட்டும் மிஞ்சியிருந்தால்? அதிலிருந்து கணிப்பொறிக்குத் திரும்ப எடுக்க ஐடியூன்ஸ் வழி விடவில்லை. 2006-இல் ஆப்பிள் கடையில் வாங்கிய பாட்டுகளுக்கு மட்டும் அந்த வழியைத் திறந்தார்கள். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய சி.டி.யிலிருந்து ஏற்றியவை உள்ளே இருந்தும் இல்லாதவைபோல!

கையால் ஏற்றிப் பழகியவருக்கு இந்தத் திகைப்பு வராது. பாட்டு என்பது ஒரு கோப்பு. கோப்பு ஓர் இடத்தில் இருக்கும். அதைப் பிரதி எடுக்கலாம் என்பது அவர் விரலுக்குத் தெரியும். 'நானே பார்த்துக் கொள்கிறேன்' என்ற முறையும் ஐடியூன்ஸிலேயே ஓர் ஓரத்தில் இருந்தது. தேடியவர்களுக்குக் கிடைத்தது.

உங்கள் பிளேயர் அநேகமாக ஐபாடாக இருக்காது. அதன் அமைப்புப் பட்டியலில் இரண்டு இணைப்பு முறைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கக்கூடும். சான்சா கிளிப் போன்ற பிளேயர்களில் இருந்தது. ஒன்று எம்.எஸ்.சி., மற்றொன்று எம்.டி.பி. இவை என்னவென்று தெரிந்து கொள்ளாமல் கடந்து போகாதீர்கள். ஒரு கிடங்கை நினைத்துக் கொள்ளுங்கள். முதல் முறையில் கிடங்கின் சாவியையே கணிப்பொறியிடம் கொடுத்துவிடுகிறார்கள். எந்த மூட்டையை எங்கே வைப்பது, கணக்குப் புத்தகத்தில் என்ன எழுதுவது எல்லாம் கணிப்பொறியின் பொறுப்பு. ஒரே கணக்குப் புத்தகத்தில் இரண்டு பேர் எழுதினால் குழப்பம்தானே? அதனால்தான் அந்த நேரத்தில் பிளேயர் பாடாது. இரண்டாவது முறையில் வாசலில் ஒரு கணக்குப்பிள்ளை உட்கார்ந்திருக்கிறார். 'இதை உள்ளே வை, அதை எடுத்துக் கொடு' என்று கணிப்பொறி கேட்கலாம். உள்ளே நுழைய முடியாது. இன்றைய ஆண்ட்ராய்டு கைபேசிகளைக் கணிப்பொறியுடன் இணைக்கும்போது நடப்பது இந்த இரண்டாவது முறைதான். கற்றுக்கொள்ள விரும்பும் மாணவருக்கு முதல் முறைதான் நல்லது என்பேன். பிளேயர் ஒரு சாதாரண வட்டாகத் தெரியும். எந்தக் கணிப்பொறியிலும், எந்த இயங்குதளத்திலும் திறக்கும்.

சாவியை வாங்கியவர் திரும்பக் கொடுக்கவும் வேண்டும்! வேலை முடிந்ததும் 'பாதுகாப்பாக நீக்கு' என்பதை அழுத்திவிட்டுக் கம்பியைப் பிடுங்குங்கள். வேகத்துக்காகக் கணிப்பொறி சிலவற்றைத் தன் நினைவகத்திலேயே வைத்திருந்து பிறகு மெதுவாக எழுதும். அது முடியுமுன் பிடுங்கினால் கணக்குப் புத்தகம் பாதியில் நின்றுவிடும். பாட்டுகள் இருந்தும் காணாமல் போகும்.

ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். மலிவான பிளேயர்கள் சிலவற்றில் பாட்டுகள் அகர வரிசையிலும் வராது, எண் வரிசையிலும் வராது. 'பிளேயர் கெட்டுவிட்டது' என்று பலர் நினைப்பார்கள். அந்தப் பிளேயர்கள், கணக்குப் புத்தகத்தில் எந்த வரிசையில் எழுதப்பட்டிருக்கிறதோ அந்த வரிசையிலேயே பாடுகின்றன. அதாவது நீங்கள் பிரதி எடுத்த வரிசையில். பாட்டுகளை ஒவ்வொன்றாக, வேண்டிய வரிசையில் ஏற்றினால் சரியாகப் பாடும்.

இனிப் பெயர் எழுதும் வேலை. நம் மொழிக்கு இதில் தனிக் கதை உண்டு.

எம்.பி.3 கோப்பில் பாட்டின் பெயர், பாடகர் முதலியவற்றை எழுத 1996-இல் எரிக் கெம்ப் என்பவர் ஒரு வழி கண்டார். கோப்பின் கடைசியில் 128 பைட் கொண்ட ஒரு சீட்டை ஒட்டுவது. பெயருக்கு 30 பைட், பாடகருக்கு 30, தொகுப்புக்கு 30, ஆண்டுக்கு 4, குறிப்புக்கு 30, இசை வகைக்கு 1. தொடக்கத்தில் அடையாளத்துக்கு 3. கூட்டினால் 128. ஆங்கிலத்துக்கு இது போதுமானது. தமிழுக்கு? யூனிகோடு எழுத்துக் குறியீட்டில் தமிழின் இடங்களை, யு.டி.எஃப்.8 முறையில் எழுதினால் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட் தேவை. 30 பைட்டில் பத்துக் குறிகள்தான். 'இளையராஜா' எட்டுக் குறிகளில் அடங்கிவிடுவார். 'சுப்புலட்சுமி'க்குப் பதின்மூன்று குறிகள். பத்தில் வெட்டினால் 'சுப்புலட்ச' என்று நின்றுவிடும்! உண்மையில் அந்தச் சீட்டு மேற்கு ஐரோப்பிய எழுத்துகளை மனத்தில் கொண்டது; தமிழ் எழுதினால் பல பிளேயர்களில் கேள்விக்குறிகளோ கட்டங்களோதான் தெரிந்தன. இசை வகைக்கு அவர்கள் முதலில் வைத்த 80 வகைப் பட்டியலில் கருநாடக இசைக்கு ஓர் எண்கூட இல்லை.

பின்னர் வந்த ஐ.டி.3 இரண்டாம் பதிப்பில் சீட்டு கோப்பின் தொடக்கத்துக்கு வந்தது, நீளத் தடை நீங்கியது, யூனிகோடும் நுழைந்தது. ஆனாலும், சிறிய பிளேயரின் திரை தமிழைக் கோக்கத் தெரிந்திருக்க வேண்டுமே! 'கொ' என்ற எழுத்தைக் கணிப்பொறி சேமிக்கும்போது முதலில் 'க', பிறகு ஒகரக் குறி. திரையில் காட்டும்போதோ கொம்பை முன்னால் கொண்டு வர வேண்டும். இந்த நுட்பம் தெரியாத பிளேயர் எழுத்தைச் சிதறடித்துவிடும். இதனால்தான் நம் வீடுகளில் பாட்டுப் பெயர்கள் ஆங்கில எழுத்தில், ஆளுக்கொரு விதமாக எழுதப்பட்டுக் கிடக்கின்றன. ஒரே பாடகரின் பெயர் நான்கு எழுத்துக் கூட்டலில் இருந்தால் பிளேயர் அவரை நான்கு பேராக எண்ணிக் கொள்கிறது! பெயர்ச் சீட்டைத் திருத்த இலவச நிரல்கள் உள்ளன. ஒரு மணி நேரம் உட்கார்ந்து தமிழில் சரியாக எழுதுங்கள். உங்கள் பிளேயர் காட்டாவிட்டாலும் நாளை வேறொன்று காட்டும். கோப்பில் சரியாக இருந்தால் போதும். சோதிக்க வேண்டுமா? கோப்பின் பைட்டுகளை அப்படியே காட்டும் நிரல் ஒன்றில் எம்.பி.3 கோப்பைத் திறந்து பாருங்கள். தொடக்கத்திலேயே ஐ.டி.3 என்ற அடையாளம் ஆங்கிலத்தில் கண்ணில் படும்.

பூட்டைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டுரை முடியாது. 2003-இல் ஆப்பிள் இணையத்தில் பாட்டுக் கடை திறந்தது. ஒரு பாட்டு 99 சென்ட். வாங்கிய பாட்டில் ஒரு மின்பூட்டு இருந்தது. ஆப்பிள் ஒப்புக்கொண்ட கருவிகளில்தான் அது பாடும். மைக்ரோசாஃப்டும் தன் பங்குக்கு வேறொரு பூட்டு வைத்தது. 2006-இல் அந்நிறுவனமே 'ஜூன்' என்ற பிளேயரை வெளியிட்டபோது, தன்னுடைய பழைய பூட்டுள்ள பாட்டுகளை அதிலே பாட முடியவில்லை! 2008 ஏப்ரலில், தன் எம்.எஸ்.என். கடையில் பாட்டு வாங்கியவர்களுக்கு அது ஓர் அறிவிப்பு அனுப்பியது. ஆகஸ்ட் 31-க்குப் பிறகு புதிய கணிப்பொறிகளுக்குச் சாவி தர மாட்டோம் என்றது. அதாவது, கணிப்பொறியை மாற்றினால் வாங்கிய பாட்டு பாடாது. எதிர்ப்பு எழுந்ததால் சாவி தரும் காலத்தை நீட்டித்தார்கள். 2007 பிப்ரவரியில் ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸே பூட்டில்லாமல் பாட்டு விற்க வேண்டும் என்று வெளிப்படையாக எழுதினார். 2009-இல் அவர்கள் கடையின் பாட்டுகளில் பூட்டு நீக்கப்பட்டது.

இன்று உங்கள் கைபேசியில் சந்தா கட்டி 'இறக்கி' வைக்கும் பாட்டுகள் மறுபடியும் பூட்டுக்குள்தான் இருக்கின்றன. சந்தா நின்றால் அவையும் நிற்கும். அதை வாடகை என்று தெரிந்து கொண்டு கட்டினால் தவறில்லை. வாடகை வீட்டில் நன்றாக வாழலாம். சொந்த வீடு என்று நினைத்துக் கொண்டு வாடகை கட்டுவதுதான் சங்கடம்.

'அப்படியானால் எங்கிருந்தோ இலவசமாக இறக்கிக் கொள்ளலாமே' என்று ஒருவர் கேட்கக்கூடும். கூடாது. பாடியவருக்கும் இசைத்தவருக்கும் போய்ச் சேர வேண்டியதைப் பறிப்பது வேறு. நீங்கள் வாங்கியதை உங்கள் கருவிக்கு மாற்றிக் கொள்வது வேறு. ரியோ பிளேயர் வெளிவந்தபோது அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கம் வழக்குத் தொடுத்தது. 1999-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், பயனாளரிடம் ஏற்கெனவே இருக்கும் பாட்டைக் கையில் எடுத்துச் செல்லத்தான் அக்கருவி வழி செய்கிறது என்று சொல்லிச் சங்கத்தின் கோரிக்கையை ஏற்க மறுத்தது. அன்று தீர்ப்பு வேறு விதமாக இருந்திருந்தால் ஐபாடும் வந்திருக்குமோ, என்னவோ!

பழகிய கையை இன்னொரு வேலைக்கும் பயன்படுத்தலாம். உண்மையில், உங்களை இந்த வேலையில் இழுத்துவிட நான் நினைத்ததே இதற்காகத்தான். உங்கள் வீட்டுப் பரணில் ஒலிநாடாக் கேசட்டுகள் இருக்கும். சினிமாப் பாட்டு எப்படியும் வேறெங்காவது கிடைக்கும். ஆனால், பாட்டி பாடிய தாலாட்டு, வெளியூரிலிருந்து மாமா பேசி அனுப்பிய நாடா, அக்காவின் பள்ளி ஆண்டு விழாப் பாட்டு ஆகியவை எந்தச் சந்தாவிலும் கிடைக்காது. உலகத்தில் அந்த ஒரு நாடாதான். நாள்பட நாள்பட அதன் காந்தப் பூச்சு கெடும்.

செய்முறை கடினமன்று. பதிவு செய்யும்முன் கேசட்டின் முதுகுப் பக்கத்து மூலையில் உள்ள சிறு பிளாஸ்டிக் தடுப்புகளை ஒடித்துவிடுங்கள். தவறிப்போய்ப் பதிவுப் பொத்தானை அழுத்தினாலும் அழியாது. டேப் ரெக்கார்டரின் தலையை ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். நாடாவை ஒருமுறை முழுதும் முன்னால் ஓட்டிப் பின்னால் சுற்றுங்கள். காதொலிப்பான் துளையிலிருந்து 3.5 மில்லிமீட்டர் கம்பி வழியாக மேசைக் கணிப்பொறியின் நீலத் துளைக்கு இணைப்புக் கொடுங்கள். மடிக்கணினியில் அந்தத் துளை இருக்காது, மலிவான யு.எஸ்.பி. ஒலிப் பொருத்தி ஒன்று வாங்க வேண்டும், 'லைன்-இன்' உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். ஆடாசிட்டி என்ற இலவச நிரலில் பதிவு செய்யலாம். அளவு காட்டும் கோடு உச்சியைத் தொடாமல் பார்த்துக் கொள்ளுங்கள்.

இதைச் சுருக்குவழியில் செய்ய முடியாது. நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில்தான் ஓடும். ஒரு மணி நேரக் கேசட்டைப் பதிய ஒரு மணி நேரம் ஆகும். சுருக்காமல் வைத்தால் 635 மெகாபைட். ஃபிளாக்காக மாற்றி இரண்டு இடங்களில் வையுங்கள். கேசட் அட்டையில் யாராவது பேனாவால் எழுதியிருந்தால், அந்தச் சொற்களை அப்படியே பெயர்ச் சீட்டில் ஏற்றுங்கள். நாள் தெரியாவிட்டால் வீட்டுப் பெரியவர்களை உட்கார வைத்துக் கேட்கச் சொல்லுங்கள். குரலைக் கேட்டே ஆண்டைச் சொல்லிவிடுவார்கள். பதிவு ஓடும்வரை அறையைவிட்டு எழுந்து போகாதீர்கள். பழைய நாடா எப்போது வேண்டுமானாலும் உருளையில் சிக்கும். உடனே நிறுத்த ஓர் ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும்.